குழந்தைக்கு முதல் ஃபிராக்: எதைத் தைப்பது என்று கழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நானே ஒரு ஃபிராக் தைத்தேன். நெஞ்சுக்கு மேலே யோக் என்கிற தனித் துண்டு வைத்து, சுருக்கு வைத்து, கீழே ஒரு ஃப்ரில்லும் வைத்து, மூன்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். பிறந்தநாள் காலையில் போட்டுவிடப் போனால் தலை நுழையவில்லை. கழுத்து அளவு தப்பில்லை. தோளில் வைத்துப் பார்த்தால் அழகாக உட்கார்ந்தது. தலையைத்தான் நான் அளக்கவே இல்லை. பிள்ளை அழ ஆரம்பித்தாள். வந்தவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டி, ஊக்கு குத்திப் போட்டுவிட்டேன். அந்த வெட்டு பிசிறிக்கொண்டே போய், இரண்டாவது தடவை துவைக்கும்போது யோக்கே கிழிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நிறையத் தைத்துவிட்டேன். இப்போது அக்கம்பக்கத்தில் புதிதாக மிஷினில் உட்காருகிற பெண்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "முதல்ல எதைக்கா தைக்கலாம்?" என்பதுதான். பாவாடை என்பார்கள் சிலர். ரெண்டு நீளத் துணியை வெட்டி ரிப்பன் கோத்துவிடு, போதும் என்பார்கள் சிலர். வீடியோ பார்த்தவர்கள் நேரே, பாவாடையை முழு வட்டமாக வெட்டுகிற அம்பர்லா கவுனுக்குப் போய்விடுவார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன்: அந்த உடையின் கழுத்து எப்படி முடிகிறது? குழந்தை உடையில் பக்கத் தையலும் கீழ் மடிப்பும் நேர்க்கோடு. அது யாருக்கும் வந்துவிடும். புதிதாகத் தைப்பவர் கைவிட்டு எழுந்து போவது கழுத்தில்தான்.

காரணம் குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் தலைச்சுற்று சுமார் 18 அங்குலம், இரண்டு வயதில் 19 அங்குலத்துக்குப் பக்கம். அந்த வயதில் மார்புச்சுற்றும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 19, 20 அங்குலம். ஆனால் கழுத்து மெலிசு, தோள் சின்னது. தலை போகிற அளவுக்குக் கழுத்தை வெட்டினால் தோளிலிருந்து நழுவும். தோளில் நிற்கிற அளவுக்கு வெட்டினால் தலை போகாது. குழந்தை உடையின் மாடல் எதுவாக இருந்தாலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். எந்த வழி உங்கள் கைக்கு வரும் என்பதுதான் தேர்வு.

பாவாடைக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதற்குக் கழுத்தே கிடையாது. ஒரு நீளத் துணி, ஒரு பக்கத் தையல், மேலே எலாஸ்டிக் போக ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும். நாளைக்கே ஒரு விசேஷம், கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் பாவாடை தையுங்கள். ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பு என்று தனியாக ஒடுங்காது. வயிறு முன்னே வந்திருக்கும். எலாஸ்டிக்கைத் தளர்த்தினால் பாவாடை இறங்கும், இறுக்கினால் சிவப்பாகத் தடம் விழும். அதனால்தான் நம் அம்மாக்கள் பாவாடைக்கு மேலே பாடி வைத்துத் தைத்தார்கள். பாடி வைத்தால் கழுத்தும் கைக்குழியும் வந்துவிடும், தப்பித்த இடத்துக்கே திரும்பி வருவோம். பாவாடையில் மிஷின் ஓட்டப் பழகலாம். உடை தைக்கப் பழக முடியாது.

ரிப்பன் கழுத்து கவுன் பார்க்க ரொம்ப அழகு. இரண்டு நீள்சதுரத் துணி, மேல் மூலைகளில் கைக்காக ஒரு வளைவு, முன்னும் பின்னும் மேலே மடித்து உள்ளே ரிப்பன் கோத்துத் தோளில் முடிச்சு. கழுத்து விரிந்து கொடுப்பதால் தலை தாராளமாகப் போகும். ஆனாலும் நான் இதைத் தயங்காமல் வேண்டாம் என்பேன். சறுக்குமரத்திலும் ஜன்னல் கம்பியிலும் ஏறுகிற வயசு அது. கழுத்தைச் சுற்றிப் போகிற கயிறு எதிலாவது மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை உடையில் கயிறுகள் பற்றிய ஐரோப்பியத் தரம் இஎன் 14682, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது என்கிறது. நம் திருப்பூரிலிருந்து அந்த ஊர்களுக்குப் போகிற குழந்தைத் துணிகள் அந்த விதிக்கு அடங்கித்தான் போகின்றன. வெளியூர்ப் பிள்ளைக்குப் பார்க்கிற பத்திரத்தை நம் வீட்டுப் பிள்ளைக்கும் பார்ப்போம்.

ரிப்பனுக்குப் பதிலாகக் கழுத்தைச் சுற்றி எலாஸ்டிக் வைப்பது நல்ல வழி. முன், பின், இரண்டு கை என்று நான்கு துண்டு. கை கழுத்துவரை சாய்வாக ஏறி வரும், நான்கையும் சேர்த்துவிட்டு மேலே மடித்தால் எலாஸ்டிக் போக ஒரு குழாய் கிடைத்துவிடும். தலை போகும்போது விரியும், பிறகு சுருங்கும். வெட்டும் இல்லை, பட்டனும் இல்லை. கழுத்து என்றாலே பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான உடை கிடையாது. எனக்குள்ள குறை வெயில்தான். மதுரைச் சித்திரை மாதத்தில், வியர்வையோடு எலாஸ்டிக் கழுத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த வரி முழுக்க வேர்க்குரு கட்டிவிடும். மார்கழி, தை மாதங்களுக்கு நல்ல உடுப்பு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் வருஷம் முழுக்கத் தைக்கலாம்.

யோக் ஃபிராக்கைப் பற்றி எனக்கு ஏற்பட்டதைச் சொல்லிவிட்டேன். அது கெட்ட மாடல் இல்லை, ஆனால் முதலில் தைக்க வேண்டிய மாடலும் இல்லை. 24 அங்குல யோக்கில் 48 அங்குலத் துணியைச் சுருக்கி அடைக்க வேண்டும். நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, அடிநூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும்போது, கடைசி ஒரு சாண் இருக்கையில் நூல் அறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுருக்கு ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் வெறிச்சென்று கிடக்கும். இத்தனைக்கும் பிறகு முதுகில் பட்டன் பட்டி வைத்தே ஆக வேண்டும். மூன்று வித்தையை ஒரே உடையில் கற்றுக்கொள்வது கைக்குப் பாரம்.

அம்பர்லா கவுனைக் கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். இடுப்பு 22 அங்குலம் என்றால் நடுவட்டத்தின் ஆரம் மூன்றரை அங்குலம். பாவாடை நீளம் 12 அங்குலம் வைத்தால் வெளிவட்டத்தின் ஆரம் பதினைந்தரை. கீழ் ஓரத்தைச் சுற்றி அளந்தால் 97 அங்குலம்! அத்தனை நீளமும் வளைவு. பாதி இடம் துணியின் குறுக்குச் சாய்வில் போவதால் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகும். தைத்து மாட்டி வைத்தால் மறுநாள் ஒரு பக்கம் தொங்கியிருக்கும். அதைப் பத்தாவது உடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது கை இல்லாத ஏ-லைன் ஃபிராக். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். முன் ஒன்று, பின் ஒன்று, இரண்டே துண்டு. தோளிலிருந்து கீழே போகப் போக அகலும், அவ்வளவுதான் அதன் வடிவம். சுருக்கு கிடையாது, எலாஸ்டிக் கிடையாது, இடுப்பில் ஒட்டு கிடையாது. கழுத்து மட்டும் இருக்கிறது, அதை நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும். தெருக்கோடியில் கடை போட்டிருக்கும் தையல்கார அக்கா எனக்குச் சொன்னது இது: "கழுத்தை முடிச்சிட்டா ஃபிராக்கே முடிஞ்ச மாதிரிம்மா. மிச்சமெல்லாம் கால் ஓட்டுற வேலை."

இரண்டு வயதுப் பிள்ளைக்கான அளவு சொல்கிறேன். உங்கள் பிள்ளையை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். தோளிலிருந்து நீளம் 19 அங்குலம், கீழ் மடிப்புக்கு 3 அங்குலம் தனி. மார்பு 20, அதோடு தளர்ச்சிக்கு 4 சேர்த்தால் 24. நான்காக மடித்த துணியில் 6 அங்குலம், தையலுக்கு அரை அங்குலம் தனி. கீழே அதே கால் பங்கு 10 அங்குலம். கழுத்து அகலம் மொத்தம் நாலரை, முன் இறக்கம் 3, பின் இறக்கம் ஒன்றரை. இப்படி வெட்டினால் கழுத்தின் சுற்றளவு ஏறக்குறைய 14 அங்குலம் வரும். தலை 19 ஆயிற்றே! அதற்குத்தான் பின்கழுத்தில் நடுவே 3 அங்குலத்துக்கு ஒரு வெட்டு. வெட்டின் இரண்டு ஓரமும் விரிவதால் 3 அங்குல வெட்டு 6 அங்குலம் கொடுக்கும். 14ம் 6ம் 20, தலை போய்விடும். இந்தக் கூட்டலை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த யோக் ஃபிராக் பிழைத்திருக்கும்.

இந்தக் கழுத்தை முடிக்க இரண்டு வழி உண்டு. இரண்டையும் பலமுறை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒன்று கிராஸ் பீஸ். துணியின் கரையை அதன் குறுக்கு ஓரத்தோடு சேர்த்து முக்கோணமாக மடித்தால் ஒரு சாய்வுக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு இணையாக ஒன்றேகால் அங்குல அகலத்தில் பட்டைகள் வெட்ட வேண்டும். நேராக வெட்டிய பட்டை வளைவில் மடங்காது, குத்திக்கொண்டு நிற்கும். சாய்வில் வெட்டியது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். கையில் எடுத்து லேசாக இழுத்துப் பாருங்கள், நீங்களே வித்தியாசத்தை உணர்வீர்கள். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்ந்திருக்க வைத்து, கால் அங்குலம் விட்டு ஓட்டி, உள்ளே மடித்து இன்னொரு தையல். வளைவு வருகிற இடத்தில் பட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து உடம்போடு படிந்து நிற்கும். இழுக்காமல் தைத்தால் வாய் பிளந்து நிற்கும்.

இன்னொன்று பட்டி வைத்துத் திருப்புவது. சுடிதார் கழுத்துக்குத் தையல்காரர்கள் வைப்பார்களே, அதேதான். தோள்களைச் சேர்த்தபின், முன்கழுத்தையும் பின்கழுத்தையும் மூடுகிற அளவுக்கு ஒரு துண்டுத் துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மேலே வைத்து, கழுத்து வளைவையும் பின்வெட்டையும் சாக்பீஸால் வரைந்து, கோட்டின் மேலேயே ஓட்டிவிட வேண்டும். பின்வெட்டில் ஒரு பக்கம் இறங்கி, அடியில் ஒரே ஒரு தையல் குறுக்கே போட்டு, மறுபக்கம் ஏற வேண்டும். பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பது. கழுத்தில் தையலுக்கு உள்ளே கால் அங்குலம் விட்டும், பின்வெட்டில் இரண்டு தையலுக்கும் நடுவிலும் வெட்டி, வளைவு முழுக்க அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டு, தையலைத் தொட்டும் தொடாமலும். இந்தச் சின்ன வெட்டுகளை விட்டுவிட்டால் எத்தனை இஸ்திரி போட்டாலும் கழுத்து சுருங்கிக்கொண்டே இருக்கும். வெட்டிவிட்டு உள்ளே திருப்பிப் போட்டதும் கழுத்து தானாகவே வட்டமாக உட்காரும். முதல் தடவை அதைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷத்துக்காகவே இதைத் தைக்கலாம்.

முதல் ஃபிராக்குக்கு என் முடிவு: கழுத்துக்குப் பட்டி, கைக்குழிகளுக்குக் கிராஸ் பீஸ். கழுத்தில் வெட்டும் வளைவும் சேர்ந்து வருகிறது. கிராஸ் பீஸை வைத்து அந்த மூலையைத் திருப்புவது பழகிய கைக்கே சிரமம். கைக்குழி வெறும் வளைவு. அங்கே கிராஸ் பீஸ் பழகிக்கொண்டால் அடுத்த உடையில் கழுத்துக்கும் வந்துவிடும். பின்வெட்டின் மேல்முனையில் நூலில் ஒரு சின்ன வளையமும் ஒரு பட்டனும். பட்டனை இரட்டை நூலால் ஆறேழு சுற்று தைத்து, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பிள்ளை வாயில் போடுகிற வயது என்றால் இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் கூடவே கூடாது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் ஃபிராக்கே வேண்டாம். முதுகு முழுக்கத் திறந்த ஜபலா போதும், தலை வழியாகப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அளவை எங்கிருந்து எடுப்பது என்பதும் ஒரு தேர்வுதான். உடம்பை அளந்து வரைவது முறையான வழி, ஆனால் ஓடுகிற பிள்ளையை நிற்க வைத்து டேப் பிடிப்பது லேசில்லை. தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுப்போம் இல்லையா, அதே மாதிரி பிள்ளைக்குச் சரியாக இருக்கிற பழைய ஃபிராக்கைப் பாதியாக மடித்து செய்தித்தாளில் வைத்து வரைந்து, மடிப்பு ஓரம் தவிரச் சுற்றிலும் அரை அங்குலம் கூட்டி வெட்டுவது எளிது. நான் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த அளவு ஃபிராக் பனியன் துணியாக இருக்கக் கூடாது. பனியன் துணி இழுபடும், அதனால் உடம்பளவுக்கு இறுக்கமாகவே வெட்டியிருப்பார்கள். அதே அளவில், இழுபடாத பருத்தித் துணியான பாப்ளினில் வெட்டினால் கையைத் தூக்கவே முடியாது. என் தங்கை பையனுக்குத் தைத்தபோது இப்படி ஒரு சட்டை வீணாய்ப் போனது.

துணியில் எனக்கு மறுயோசனை கிடையாது. பாப்ளின், கேம்பிரிக், அல்லது வீட்டில் கிடக்கும் பழைய சுங்குடிச் சேலை. சாட்டின், நெட், ஜார்ஜெட் மூன்றும் மேஜையிலிருந்தே வழுக்கி ஓடும். கத்தரிக்கோல் ஒரு பக்கம் போகத் துணி ஒரு பக்கம் போகும். மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி வளர்த்த துணி அது. பத்து வருஷம் கட்டித் துவைத்த சுங்குடி மாதிரி குழந்தை உடம்புக்கு இதமான துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சாயம் போக வேண்டியதெல்லாம் போயிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். தலைப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, இழை நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுங்கள். புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 20 அங்குல ஃபிராக்கில் அது ஒரு அங்குலம் வரைக்கும் போகும். பன்னா, அதாவது துணியின் அகலம், 44 அங்குலம் என்றால் முக்கால் மீட்டர் போதும், முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். 36 பன்னா என்றால் ஒன்றேகால் மீட்டர்.

மிஷின் இல்லையே என்பவர்களுக்கு: இந்த ஃபிராக்கில் மொத்தத் தையல் நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன். பக்கங்கள், தோள், கழுத்து, கைக்குழி, கீழ் மடிப்பு எல்லாம் சேர்த்து 150 அங்குலத்துக்குப் பக்கம், நான்கு மீட்டர்கூட இல்லை. கையாலேயே தைத்துவிடலாம். பக்கங்களுக்கும் தோளுக்கும் ஊசியை ஒரு எட்டு பின்னால் குத்தி முன்னால் எடுக்கிற தையல் போடுங்கள், வெறும் ஓட்டுத் தையல் பிள்ளை ஓடுகிற ஓட்டத்துக்குத் தாங்காது. ஒரு வாரச் சாயங்காலங்கள் ஆகும். கையால் தைப்பவருக்கு வளைவுகள் மிஷினைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் துணி உங்கள் வேகத்துக்குத்தான் நகரும். மிஷின் இருக்கிறவர்கள், மிதி மிஷினா மோட்டாரா என்று கேட்டால், பழகும் வரை மிதி மிஷின். வளைவில் அரைத் தையல் அரைத் தையலாக நகர்த்த முடியும். மோட்டார் ஒரு அழுத்தில் கழுத்தைத் தாண்டிப் போய்விடும். பாப்ளினுக்கு 14ஆம் நம்பர் ஊசி, மெலிந்த சுங்குடிக்கும் மல்மல்லுக்கும் 11. ஆரம்பத்திலும் முடிவிலும் நாலு தையல் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டிவிடுங்கள்.

நம் மதுரையில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக் கடைகளில், கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடத்து உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சின்ன வயதில் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்: எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் ஒவ்வொரு தையல் முடிந்ததும் நகத்தால் அழுத்திக் கீறிவிட்டுத்தான் அடுத்த தையலுக்குப் போவார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு எழுந்து போகச் சோம்பலாக இருந்தால் அந்த நகக் கீறலாவது போடுங்கள். தையல் படிந்திருந்தால்தான் அடுத்த தையல் நேராகப் போகும்.

கடைசியாகக் கீழ் மடிப்பு. அரை அங்குலம் மடித்து முடித்துவிடத் தோன்றும், செய்யாதீர்கள். முழுசாக 3 அங்குலம் உள்ளே மடித்து, கையால் ஹெம்மிங் போடுங்கள். ஏ-லைனில் கீழ் ஓரம் மேலே இருப்பதைவிட அகலம் என்பதால் மடித்த துணி லேசாகக் குவியும். நாலு இடத்தில் சின்னச் சின்ன மடிப்பாகப் பிடித்தால் படிந்துவிடும். பிள்ளைகள் உயரத்தில்தான் வேகமாக வளர்கிறார்கள், மார்பில் இல்லை. எட்டு மாதம் கழித்து மகளுடைய இரண்டாவது ஃபிராக்கின் மடிப்பைப் பிரித்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத ஒரு பட்டை மட்டும் அடர்ந்த நீலமாக இருந்தது. அந்த வரிமேல் வெள்ளை நூலில் ஒரு சங்கிலித் தையல் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்குப் போனாள்.